படர்தாமரைக்கு மருந்துக்கடையில் டியூப் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

தாராவி, சயான், ஆண்டாப்ஹில் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் வீட்டில் கிடக்கும் களிம்பு டியூப்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மும்பையில் மழை ஆரம்பித்தால் துணி காயாது, லோக்கல் ரயிலில் நசுங்கி வியர்வையோடு வீடு வந்து சேர்வதற்குள் தொடை இடுக்கில் வட்டம் வட்டமாக அரிக்க ஆரம்பித்துவிடும், அதை டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு நேரே மருந்துக்கடைக்குத்தான் போகிறோம்.

என் தம்பியும் அப்படித்தான் போனான். ஸ்டேஷன் பக்கத்துக் கடை, கல்லாவில் இருப்பவர் நம் ஊர்ப்பக்கத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். "அண்ணே, தொடையில அரிப்பு" என்றதும் எங்கே, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, டாக்டர் சீட்டும் கேட்கவில்லை. அட்டைப்பெட்டி இல்லாமல் டியூப்பை மட்டும் எடுத்து நீட்டி, "இதப் போடு தம்பி, ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்றிருக்கிறார். பில் கிடையாது. அவர் சொன்னபடியே அரிப்பு அடங்கியது, அங்கேதான் ஏமாற்றே இருக்கிறது.

அந்த டியூப்பில் பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால் கலந்திருந்தது. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை அது. சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், ஆனால் தோலின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அமுக்குவதால் பூஞ்சை தடையில்லாமல் பரவும். பூசுவதை நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும், மறுபடியும் அதே கடை, அதே டியூப். தம்பிக்கு இடுப்பு, பின்பக்கம் வரை படர்ந்துவிட்டது. தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவித்த வயிற்றில் விழுவதுபோலக் கோடு கோடாக விழுந்திருக்கிறது, அது முழுதாக மறையாது என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் போய்க் கேட்டால், "நீங்க கேட்டீங்க, நான் குடுத்தேன், நான் என்ன டாக்டரா?" என்கிறார். டாக்டர் இல்லை என்று தெரிந்தவர் அதை எடுத்துக் கொடுத்திருக்கவே கூடாது. 2018இலேயே மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் எச் என்ற மருந்துப் பட்டியலின் கீழ் கொண்டுவந்துவிட்டது, சீட்டு இல்லாமல் விற்பது சட்டப்படி தப்பு.

டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பூஞ்சையை உறுதி செய்துகொண்டு, ஸ்டீராய்டு கலக்காத களிம்பும் மாத்திரையும் எழுதினார். தடம் மறைந்த பிறகும் சொன்ன நாள்வரை விடாமல் போட வேண்டும், வீட்டில் வேறு யாருக்காவது அரித்தால் அவர்களுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்.

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று யாரும் பயப்பட வேண்டாம், கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் அதுதான் நல்ல மருந்து. டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பயந்து பாதியில் விட்டால் அதுவும் கெடுதல்தான். எங்கள் அத்தைக்குப் பாத்திரம் துலக்கித் துலக்கிக் கையில் வந்த கரப்பான் ஸ்டீராய்டில்தான் சரியானது. அவருக்கு அளவைக் காட்டிக் கொடுத்தார்கள்: ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், பெரியவர்களின் விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். க்ளோபெட்டசால் போன்ற வீரியமானதை டாக்டர் சொல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. முகம், அக்குள், தொடை இடுக்கு, குழந்தைகளின் தோல், இங்கெல்லாம் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும், அதனால் ஹைட்ரோகார்டிசோன் போன்ற மிதமானதைத்தான் பெரும்பாலும் தருவார்கள்.

டியூப்பைத் திருப்பி க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது ஸ்டீராய்டின் பெயர் இருக்கிறதா பாருங்கள். முகம் வெளுக்க என்று விற்கிற சில களிம்புகளிலும் மொமெட்டசோன் இருக்கிறது. அதை மாதக்கணக்கில் பூசி வருகிறவர்கள் பதறிப்போய் ஒரே நாளில் நிறுத்தினால் முகம் சிவந்து எரியலாம், அந்த எரிச்சல் தாங்காமல்தான் பலர் திரும்ப அதையே பூசுகிறார்கள். டியூப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள், எப்படிக் குறைத்துக்கொண்டு வருவது என்று அவர் சொல்வார்.