கலாம் வீடா, பேக்கரும்பு நினைவிடமா?

ராமேஸ்வரத்தில் அரை நாள்தான் இருக்கிறது, அப்துல் கலாமுக்காக எங்கே போவது என்று பலர் கேட்கிறார்கள்.

தூரம்: வீடு பள்ளிவாசல் தெருவில், கோயிலிலிருந்து நடந்தே போகலாம். நினைவிடம் ஊருக்கு வெளியே, பாம்பனிலிருந்து வரும் சாலையோரம்.

இடம்: வீட்டில் குறுகலான படியேறி மாடிக்குப் போக வேண்டும், கூட்டமென்றால் நெருக்கடி. நினைவிடம் விசாலம், பெரியவர்களுக்கு அதுவே வசதி.

வாழ்க்கை: இதில் வீடுதான் எனக்கு ஒரு படி மேல். படகோட்டி ஜைனுலாபுதீனின் மகன் 1931-ல் பிறந்து வளர்ந்த தெரு அது. இரண்டாம் உலகப் போரின்போது ரயில் இங்கே நிற்காமல் போனது. ஓடும் ரயிலிலிருந்து வீசிய செய்தித்தாள் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்தான் அந்தச் சிறுவன். அந்தத் தெருவில் நிற்கும்போது இது வெறும் கதையாகத் தோன்றாது. அப்புறம், மாடியில் அவருடைய புகைப்படங்களும் விருதுகளும் இருக்கின்றன.

பணி: இங்கே நினைவிடம்தான். 1980-ல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து சென்ற எஸ்.எல்.வி-3 ராக்கெட், 1989-ன் அக்னி ஏவுகணை, 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவர் பதவி என எல்லாம் ஓவியங்களாகவும் மாதிரிகளாகவும் வரிசையாக விரிகின்றன. 2015 ஜூலை 30-ல் அவரை அடக்கம் செய்த இடமும் இதுவே.

பிள்ளைகளோடு வந்தால் நினைவிடத்துக்குப் போங்கள், ராக்கெட் மாதிரிகளை விட்டு நகர மாட்டார்கள். தனியாக, கோயிலுக்கு வந்தவர் என்றால் வீடு போதும்.