டிஓகே ரம்: 1600 என்ற எண்ணும் என் எரிச்சலும்

விலை இறங்கியிருக்கிறதே, டிஓகே என்ற ஜமைக்கா ரம்மை வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். அதே ஆலையின் ஹாம்ப்டன் 8 வருட ரம்மில் ருசி கண்டவர். அதை வைத்தே சொல்கிறேன்.

ஜமைக்காவின் டிரெலானியில் இருக்கும் ஹாம்ப்டன் எஸ்டேட்டில், காற்றில் இருக்கும் ஈஸ்டை நம்பியே மொலாசஸைப் புளிக்க விடுகிறார்கள். அவசரமே கிடையாது. வடித்தபின் தங்கும் டண்டர் என்ற கழிவு அடுத்த ஊறலுக்குப் போகிறது. இப்படிக் கிளம்பும் அமிலங்கள் ஆல்கஹாலோடு சேர்ந்துதான் எஸ்டர் என்ற மணப்பொருள் உருவாகிறது. டிஓகே அதன் உச்சம்: 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 1500 முதல் 1600 கிராம். அதற்கு மேல் ஜமைக்காவில் அனுமதி இல்லை.

எனக்கு எரிச்சலே இந்த எண்மீதுதான். பரீட்சை மார்க் மாதிரி 1600, 1600 என்று சொல்லியே விற்கிறார்கள். இவ்வளவு எஸ்டர் உள்ள ரம் நேரடியாகக் குடிப்பதற்கு வந்ததே அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனி ரம்முக்கு வரியை ஏற்றியது. அதனால் அங்கே கொஞ்சமாக இறக்குமதி செய்து, மணமில்லாத ஆல்கஹாலில் கலந்து பெருக்குவதற்காகவே இந்த வகையைக் காய்ச்சினார்கள். மிட்டாய், கேக் மணத்துக்கும் போனது.

என்னிடம் இருப்பது ஓக் பீப்பாயில் முதிர்ந்த டிஓகே. ஆல்கஹால் 60 சதவீதத்துக்கு மேல். ஊற்றியதும் நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி முகத்தில் அடிக்கும். கால் மணி நேரம் விட்டால் அன்னாசி எழும்பும், தோல் கறுத்த வாழைப்பழம் வரும், கடைசியில் உப்புநீரில் ஊறிய ஆலிவ். இப்படி ஒரு வாசனையை வேறெந்த மதுவிலும் நான் முகர்ந்ததில்லை. ஆனால் வாயில் வைத்தால் அந்தப் பழமெல்லாம் எங்கே போகிறதென்று தெரியவில்லை. புளிப்பு, பின்னாலேயே கசப்பு, தொண்டையில் பசை. தண்ணீர் விட்டாலும் கசப்பு விலகுவதில்லை. ஒரு வாய் குடித்துவிட்டால் அன்றைக்கு வேறு எதுவும் ருசிக்காது.

பாட்டில் பாதியான பிறகுதான் ஜெர்மன்காரர்கள் செய்ததைச் செய்து பார்த்தேன். சாதாரண வெள்ளை ரம் ஒரு பெக்கில் அரை டீஸ்பூன் டிஓகே. அவ்வளவுதான், அந்த வெறும் சரக்குக்கு உயிர் வந்துவிட்டது! அன்னாசி நாக்கிலேயே நின்றது, கசப்பின் சுவடே இல்லை. அன்றிலிருந்து டைகிரி என்ற ரம் காக்டெயில் கலக்கும்போதெல்லாம் இதைச் சேர்க்காமல் விடுவதில்லை. எலுமிச்சைப் புளிப்போடு அவ்வளவு பொருந்துகிறது.

இத்தனை சொல்லிவிட்டும், நண்பரே, வாங்காதீர்கள். அரை டீஸ்பூனுக்காக அவ்வளவு பணம் கொடுக்க எனக்கு இப்போது மனம் வரவில்லை, குறைந்த விலையிலும்கூட. உங்கள் 8 வருட ரம்மில் எஸ்டர் எவ்வளவோ குறைவு, ஆல்கஹாலும் 46 சதவீதம்தான். அதில் அன்னாசியும் இருக்கிறது, ஆலிவும் இருக்கிறது, ஓக்கும் தன் இடத்தில் இருக்கிறது. அதையே இன்னொன்று எடுங்கள்.