நாலு நாள் வாடகைக்கு ஒரு வெற்றிடம்

எங்கள் பத்து கிலோ செயற்கைக்கோளைச் சோதிக்க பெங்களூரில் ஒரு தனியார் தெர்மோவேக் சேம்பரை, அதாவது விண்வெளியின் வெற்றிடத்தையும் குளிர், வெப்பத்தையும் தரையிலேயே உண்டாக்கும் அறையை, நாலு நாள் வாடகைக்கு எடுத்தோம். பெயர் சொல்லவில்லை, குறையும் எழுதப்போகிறேன் என்பதால்.

சேம்பரில் குறையே இல்லை. சொன்ன நேரத்துக்குள் அழுத்தம் 10⁻⁵ மில்லிபாருக்கு இறங்கியது. உள்சுவரில் திரவ நைட்ரஜன் ஓடத் தொடங்கியதும் சுவர் மைனஸ் 170 டிகிரிக்குக் கீழே போனது. ஆனால் இந்த இடத்தின் உண்மையான மதிப்பு ஆபரேட்டர் அண்ணன்தான். செயற்கைக்கோளை அடித்தட்டில் வைக்கப் போனேன். "மேலே போனா மேஜை போட்டு வைப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, மெல்லிய கயிற்றில் தொங்கவிட்டார். தட்டைத் தொட்டால் வெப்பம் அந்த வழியாகக் கடந்துவிடும். விண்வெளியில் கதிர்வீச்சைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. பேட்டரிக்கு இரண்டு தெர்மோகப்பிள் (வெப்பநிலையை அளக்கும் கம்பி) ஒட்டச் சொன்னதும் அவர்தான்.

இரண்டாம் நாள் ராத்திரி அதில் ஒன்று மளமளவென்று பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. லித்தியம் அயான் பேட்டரியை அந்தக் குளிரில் சார்ஜ் செய்யக் கூடாது. பதறிப்போய் சார்ஜை நிறுத்தினேன். அண்ணன் அடுத்த தெர்மோகப்பிளைக் காட்டினார்: 8 டிகிரி, அசையவில்லை. முதல் தெர்மோகப்பிளை ஒட்டியிருந்த கேப்டான் டேப் தூக்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பேட்டரியை விட்டு விலகிய முனை சுற்றிலும் இருக்கும் குளிர்ச்சுவரைப் பார்த்துக் குளிர்கிறது. தனியாக இருந்திருந்தால் சோதனையையே நிறுத்தியிருப்பேன்.

சரி, குறைக்கு வருகிறேன். நைட்ரஜன் லாரி ஆறு மணி நேரம் தாமதம். அந்த ஆறு மணி நேரத்துக்கும் வாடகை போட்டார்கள். காற்றை உறிஞ்சும் நேரம், கடைசியில் சூடேற்றும் நேரம் எல்லாமே நம் கணக்கில்தான். சூடேற்றுவதில் அவசரப்படவும் முடியாது. குளிரோடு திறந்தால் ஈரம் எல்லாவற்றின் மேலும் படிந்துவிடும். அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, உலர்ந்த நைட்ரஜனை நிரப்பிய பிறகுதான் கதவு திறக்கும். நாலு நாளில் உருப்படியாகக் கிடைத்தது இரண்டரை நாள். சூடு, குளிர் என்று மாற்றி மாற்றி ஆறு சுற்று திட்டமிட்டு நாலோடு முடித்தோம். அப்புறம், வரைபடத்தை மட்டும் பிடிஎஃப் ஆக அனுப்பினார்கள். மூல அளவீடுகளை வாங்க மூன்று மின்னஞ்சல் போட வேண்டியிருந்தது. ராத்திரி கேன்டீன் எலுமிச்சை சாதம் பரவாயில்லை.

அடுத்த முறையும் அங்கேதான் போவேன். ஆறு நாள் கேட்பேன், லாரி தாமதமானால் வாடகை ஓடாது என்று எழுதி வாங்குவேன், அண்ணனுக்கு எந்த ஷிஃப்ட் என்றும் முன்னாலேயே விசாரித்துவிடுவேன்.