ரியோ தின்தோ சுரங்க ரயில்: ஆற்றின் பெயரைக் கண்ணால் காணும் பயணம்

ஸ்பெயினின் தென்மேற்கே, அந்தலூசியாவின் வெல்வா மாகாணத்தில் ஓடும் ரியோ தின்தோ, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளமே கொண்ட சிற்றாறு. 'தின்தோ' என்பதற்குச் சாயமேறியது என்பது மூலப்பொருள். சிவப்பு ஒயினையும் ஸ்பானியர் இச்சொல்லால்தான் குறிக்கின்றனர். சுற்றுலா ரயிலின் ஜன்னலுக்கு வெளியே அதே நிறத்தில் நீர் ஓடுவதைப் பார்க்கும்போது, பெயர்க் காரணத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

1873இல் ஸ்பானிய அரசிடமிருந்து சுரங்கங்களை வாங்கிய பிரிட்டிஷ் நிறுவனம், ஆற்றின் பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்டு, தாதுவை வெல்வா துறைமுகத்துக்குக் கொண்டு செல்ல 84 கிலோமீட்டர் ரயில் பாதையை அமைத்தது. அப்பாதையில் சீரமைக்கப்பட்ட ஏறக்குறைய 11 கிலோமீட்டரில்தான் இன்றைய ரயில் செல்கிறது. வேகம் குறைவு, ஆற்றைப் பார்ப்பதற்கு அதுவே வசதி. கடைசி நிறுத்தத்தில் இறங்கி நீரோட்டத்தின் அருகே செல்லலாம். இந்தச் சில நிமிடங்களுக்காகவே பயணச்சீட்டு வாங்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

இச்சிவப்பைச் சுரங்கக் கழிவின் விளைவு என்று மட்டும் கருதுவது பிழை. இங்குள்ள பாறைகளில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் செறிந்திருக்கிறது; காற்றும் நீரும் பட்டு அது சிதையும்போது, இரும்பை உண்டு வாழும் நுண்ணுயிரிகள் அந்த வேதிவினையை விரைவுபடுத்த, கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் ஆற்றில் கலக்கின்றன. நீரின் அமிலத்தன்மை எலுமிச்சைச் சாற்றுக்கு நிகரானது. சுமார் 5,000 ஆண்டுச் சுரங்கத் தொழில் இதைப் பெருக்கியது உண்மையே. ஆனால் மனிதர் தோண்டத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே ஆறு இரும்பைப் படியவிட்டதற்குக் கரையோரப் படிவுகள் சான்று. இவ்வளவு அமிலமான நீரிலும் அந்த நுண்ணுயிரிகள் இரும்பை உண்டு வாழ்வதால்தான், செவ்வாய்க் கோளில் உயிர் இருந்திருக்கக்கூடுமா என்று ஆராய்வோரும் இங்கு வருகின்றனர்.

மினாஸ் தெ ரியோதின்தோ ஊரின் சுரங்க அருங்காட்சியகத்தையும் விட்டுவிட வேண்டாம். விக்டோரியா அரசியின் இந்தியப் பயணத்துக்கென உருவாக்கப்பட்டு, அப்பயணம் நிகழாமலே போன ரயில் பெட்டி அங்கே இருக்கிறது.

ரயில் காட்டுவது ஆற்றின் ஒரு பகுதியை மட்டுமே. தலைப்பகுதியைக் காண நெர்வா ஊருக்கு அருகிலுள்ள பேஞ்யா தெ இயேரோ சுரங்கத்துக்கும், கீழ்ப்பகுதியைக் காண ரோமானியர் பாலம் நிற்கும் நியேப்லாவுக்கும், ஒடியேல் ஆற்றோடு கலக்குமிடத்தைக் காண வெல்வாவுக்கும் தனியே செல்ல வேண்டும். கார் இருந்தால் எளிது. நீர் குறைந்து நிறம் அடர்ந்திருப்பது கோடையில்தான், ஆனால் அப்போது வெயில் கடுமையாக இருக்கும்.