வெப்பமா, வேட்டையா: பெருவிலங்குகளை எது கொன்றது?

மாமூத் யானை, யானையின் தூரத்து உறவான மாஸ்டோடான், தழை தின்னும் பெருவிலங்கான ராட்சத ஸ்லாத் ஆகியவை ஏன் மறைந்தன என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மோதிக்கொண்டிருக்கின்றன. பனியுகம் முடிந்து பூமி சூடானதால் மேய்ச்சல் நிலம் போயிற்று என்பது ஒன்று. ஈட்டியோடு வந்த மனிதன் கொன்று தீர்த்தான் என்பது மற்றது. 1960களில் அமெரிக்க அறிவியலாளர் பால் மார்ட்டின் இந்த இரண்டாவது பதிலை உரத்துச் சொன்னார்.

வெப்பத்தின் தரப்புக்கு வலுவான சாட்சி அலாஸ்காவின் செயின்ட் பால் தீவு. அப்போது மனிதக் காலடியே படாதிருந்த அத்தீவில் சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் மாமூத்துகள் அழிந்தன. கடல் உயர்ந்து தீவு சுருங்கியது, நன்னீர் அருகியது. இதை மறுக்க முடியாது. ஆனால் கண்டங்களில் இவற்றின் முன்னோர் பல வெப்பக் காலங்களைத் தாண்டி வந்தவர்கள். கடைசி முறை மட்டும் ஏன் தாண்டவில்லை?

கியூபா இதற்கு விடை தருகிறது. வட அமெரிக்கப் பெருநிலத்தின் ஸ்லாத்துகள் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டன. கியூபாவிலோ அவை மேலும் பல ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்து, மனிதன் குடியேறிய பிறகே மறைந்தன. சூடு இரண்டு இடத்திலும் ஒரே காலத்தில் ஏறியது. அழிவோ மனிதனைப் பின்தொடர்ந்தது. தராசு வேட்டையின் பக்கமே சாய்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

சிறு கூட்டங்கள் அத்தனை விலங்குகளை எப்படிக் கொன்றிருக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. அத்தனையையும் கொல்ல வேண்டியதே இல்லை. இன்றைய யானையின் சினைக்காலம் ஏறத்தாழ 22 மாதம். அடுத்த கன்றுக்கு நான்கைந்து ஆண்டு ஆகும். பிறப்பைவிட இறப்பு ஆண்டுதோறும் சற்றே கூடினால் போதும், வேட்டையாடுபவருக்கே தெரியாமல் இனம் தேய்ந்துவிடும்.

வட பசிபிக்கில் வாழ்ந்த ராட்சதக் கடல் பாலூட்டியான ஸ்டெல்லர் கடற்பசுவுக்கு அந்த அவகாசம்கூட இல்லை. 1741இல் ரஷ்யாவுக்காகக் கடலோடிய பெரிங்கின் பயணக்குழு அதைக் கண்டது. 1768க்குள், இறைச்சிக்காகவே, தீர்த்துவிட்டார்கள். இன்று வாழும் உயிரினங்களில் அதன் மிக நெருங்கிய உறவு நம் பாக் விரிகுடாவின் ஆவுளியா. 2022இல் தமிழ்நாடு அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரை அதற்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்புல்லைக் காப்பதும் வலையில் சிக்கிச் சாவதைத் தடுப்பதும் இரண்டுமே தேவைதான். ஆனால் பணம் குறைவென்றால் வலைச் சாவைத் தடுக்கவே முதலில் செலவிட வேண்டும். புல்லை மீண்டும் நடலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கன்று ஈனும் தாயை இழந்தால் ஈடுகட்ட வழியில்லை. வலையை அறுத்து ஆவுளியாவை விடுவிக்கும் மீனவருக்கு, வலையின் விலை தாமதமின்றிக் கைக்கு வர வேண்டும்.