மைக்ரோசாப்ட் புராஜெக்ட்: திருப்பூர் ஆர்டருக்கு ஒத்துவருமா?

நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங் என்று ஒன்றைப் பிடித்து ஒன்று நகரும் பனியன் ஆர்டருக்கு வேலைகளை வரிசைப்படுத்தித் தேதி போடும் மைக்ரோசாப்ட் புராஜெக்ட் மென்பொருள் நன்றாகவே பொருந்துகிறது. சாயப்பட்டறை 3 நாள் இழுத்தால் கப்பல் தேதி எவ்வளவு தள்ளும் என்று உடனே காட்டிவிடும். ஒரே ஸ்டைலை மட்டும் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிறவர்களுக்கு எக்ஸெல் போதும்.

வாங்கியதும் காலண்டரைத் திருத்துங்கள். அதில் இருப்பது திங்கள் முதல் வெள்ளி, நாளுக்கு 8 மணி நேரம். சனிக்கிழமையும் ஒன்றரை ஷிப்டும் ஓடும் ஊருக்கு அது ஆகாது. புதிய வேலைகள் 'மேனுவல்' முறையில் விழும். 'ஆட்டோ'வுக்கு மாற்றாவிட்டால் தேதிகள் தானாக நகராது.

கட்டிங்குக்கு முன் துணியை 24 மணி நேரம் தளரவிடுவதை 'லேக்' (இரண்டு வேலைகளுக்கு நடுவே விடும் இடைவெளி) கட்டத்தில் வெறும் 24 மணி என்று போட்டால், 8 மணி ஷிப்டில் 3 வேலைநாள் போய்விடும். ஷிப்டைப் பார்க்காமல் கடிகார நேரத்தையே எண்ணும் 'எலாப்ஸ்டு' மணியாகப் போடுங்கள்.

பலரும் சறுக்குவது தொடக்கத் தேதியில்தான். அதைக் கையால் அடித்தால் 'இதற்கு முன் தொடங்காதே' என்ற கட்டுப்பாடு சத்தமில்லாமல் ஏறிவிடும். நூல் 2 நாள் முன்னதாக வந்தாலும் நிட்டிங் அசையாது. எந்த வேலைக்குப் பின் எது என்ற இணைப்பை மட்டும் கொடுங்கள், தேதியை அதுவே போடட்டும்.

ஆர்டர் உறுதியான அன்றே 'பேஸ்லைன்' (முதலில் போட்ட திட்டத்தின் நகல்) சேமித்துவிடுங்கள்; எந்தப் பிரிவில் நாள் போனது என்று பின்னால் பார்க்க அது வேண்டும்.