டாய்லெட் சீட் மாற்றும்போது: அடியில் நட் முடுக்கும் வகையா, பட்டனை அழுத்திக் கழற்றும் வகையா?

வெஸ்டர்ன் டாய்லெட்டின் சீட் உடைந்துவிட்டது என்று கடைக்குப் போனால் இரண்டு வகையை எடுத்து வைப்பார்கள். ஒன்று, எல்லா வீட்டிலும் பார்த்துப் பழகிய சாதா பிளாஸ்டிக் சீட். பீங்கானின் அடியில் கைவிட்டு இரண்டு நட்டை முடுக்க வேண்டும். இன்னொன்று, கடைக்காரர் ‘ஹைட்ராலிக்’ என்று சொல்லும், தானே மெதுவாக மூடிக்கொள்ளும் சீட். அதிலேயே ஒரு பட்டனை அழுத்தினால் சீட் முழுசாகக் கையோடு வந்துவிடும் வகையும் உண்டு. எங்கள் வீட்டில் போட்டிருப்பது அதுதான், அதனால் நான் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

விலை வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்ததே. சாதா சீட் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும், மற்றது 1,500 ரூபாய்க்கு மேலும் போகும். சாதாவில் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்தான் அதிகம். லேசானது, வளைந்துகொடுக்கும், நாளாக நாளாக மஞ்சளாகும். விலை கூடியவற்றில் பல யூரியா ஃபார்மால்டிஹைடு என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்தவை. கனமாக, பளபளப்பாக இருக்கும், சுலபத்தில் கீறல் விழாது. ஆனால் தவறிக் கீழே போட்டால் வளையாது, உடைந்துவிடும். ராத்திரியில் மூடி டமாரென்று விழாதது ஒரு வசதி. அதற்காக மட்டும் என்றால் நான் கூடுதல் பணம் தர மாட்டேன்.

நான் பார்ப்பது வேறு. சீட் என்றால் ஒருநாள் ஆடத்தான் செய்யும். ஆடுவதைத் திரும்ப இறுக்க எவ்வளவு பாடு என்பதுதான் கேள்வி.

சீட் ஏன் ஆடுகிறது? பீங்கானில் உள்ள ஓட்டை போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரியது. நட் லேசாக இளகினாலே போல்ட் அதற்குள் நகரத் தொடங்கிவிடும். நாமும் நேராக உட்கார்ந்து நேராக எழுவதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. வலப்பக்கச் சுவரைப் பிடித்து, உடம்பை அந்தப் பக்கம் சாய்த்துத்தான் எழுவார். சீட்டும் கூடவே வலப்பக்கம் போகும். அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது பின்னால் இருக்கும் இரண்டே போல்ட்டுகள். சீட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் கட்டைகளில் ஒன்று விழுந்துவிட்டால் இன்னும் மோசம். உட்காரும்போதெல்லாம் சீட் ஒரு மூலைக்குச் சாயும், கீல் முறுக்கிக்கொள்ளும். நட்டைக் குறை சொல்லும் முன் அந்தக் கட்டைகளை எண்ணிப் பாருங்கள்.

சாதா சீட்டில் இதைச் சரிசெய்ய ஈரத் தரையில் மண்டியிட்டு, பீங்கானுக்கும் சுவருக்கும் இடையே கையை நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத நட்டைத் தடவித் தேட வேண்டும். நம் பாத்ரூம்கள் காய்வதே இல்லை. ஹெல்த் ஃபாசெட் தண்ணீர் கீலின் மேல் பட்டு, போல்ட் வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். போர்வெல் தண்ணீர் என்றால் மரையில் உப்பு வெள்ளையாக உறைந்து, நட்டும் போல்ட்டும் ஒன்றாகிவிடும். திருப்பினால் இரண்டும் சேர்ந்தே சுற்றும். அப்புறம் ஆக்சா பிளேடுதான். பிளாஸ்டிக் போல்ட் சீக்கிரம் அறுந்துவிடும், உலோகம் என்றால் நேரம் பிடிக்கும். எதுவானாலும் பிளேடு உரசும் இடத்தில் பீங்கான் மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பட்டன் வகையில் சீட்டைத் தூக்கி ஓரமாக வைத்தால் கீலின் அடித்தட்டு கண்ணெதிரே இருக்கும். பல மாடல்களில் ஸ்க்ரூவும் மேலேயே இருப்பதால் திருப்புளியால் நின்றபடியே இறுக்கிவிடலாம். கூடவே கீலுக்கு அடியில் சேரும் மஞ்சள் அழுக்கை ஒரு பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். எவ்வளவு கழுவியும் போகாத வாடை பல வீடுகளில் அங்கிருந்துதான் வருகிறது. சாதா சீட்டில் அந்த இடத்துக்கு பிரஷ் போகாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஒரு எச்சரிக்கை. பக்கமெல்லாம் மூடிய பீங்கானாக இருந்தால் அடியில் கை போகாது. அதற்கென்று ஓட்டைக்குள் விடும் ரப்பர் புஷ் வருகிறது. மேலிருந்து ஸ்க்ரூவை முடுக்க முடுக்க ரப்பர் உப்பி ஓட்டையைப் பிடித்துக்கொள்ளும். நட் அளவுக்கு அது பிடிக்காது, அடிக்கடி இறுக்க வேண்டியிருக்கும். கை போகும் பீங்கான் என்றால் பட்டனும் வேண்டும், அடியில் நட்டும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

ஹைட்ராலிக் கீலுக்குள் கெட்டியான கிரீஸ் அடைத்த சின்ன உருளை இருக்கிறது. அவசரத்தில் மூடியைக் கையால் அழுத்தினால் அது கெடும். எங்கள் சீட் இன்னும் ஒழுங்காகத்தான் மூடுகிறது, ஆனால் அதற்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. உருளை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டதற்கு, முழு செட்டாகத்தான் தருவேன் என்றார் எங்கள் கடைக்காரர். இந்த ஒரு விஷயத்தில் சாதா சீட்டுக்கே மார்க்.

எதை வாங்கினாலும் அளவு எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு நடுவே உள்ள தூரம், பெரும்பாலும் 155 மி.மீ. வாக்கில் இருக்கும். ஓட்டையிலிருந்து முன்விளிம்பு வரை நீளம், அகலம், அப்புறம் முட்டை வடிவமா, டி வடிவமா, சதுரமா என்பது. மாட்டும்போது முதலில் கையால் முடுக்கி, உட்கார்ந்து பார்த்து, சீட்டை நேராக்கிய பிறகு குறட்டால் கால் சுற்று போதும். அதற்கு மேல் பலம் காட்டினால் பீங்கானே விரிசல் விடும். வாஷர் தொலைந்திருந்தால் பழைய சைக்கிள் டியூபில் வட்டமாக வெட்டிப் போடலாம். கீல் எஃகு என்றால் பாத்ரூம் ஆசிட் அதன்மேல் படக்கூடாது. ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும் அரிக்கும்.

வாடகை வீடு, நல்ல தண்ணீர், அடியில் தாராளமாகக் கை போகும் பீங்கான் என்றால் சாதாவையே வாங்குங்கள். வீட்டுக்காரர் சீட்டுக்கு 1,500 ரூபாய் போடுவது நாம் அதிகம் பார்க்காத காட்சி.